தகாலோக்கில் ‘வாஷ்’: கேள்வி பதில்

கேள்வி: ஆங்கில ‘வாஷ்’ என்பதற்குப் பிலிப்பைன்ஸ் மொழியான தகாலோக்கில் ‘ஹூகஸ்’ என்று அகராதி சொல்கிறது. எல்லாவற்றுக்கும் அதையே சொல்லலாமா?

பதில்: கூடாது. எதைக் கழுவுகிறோம் என்பதைப் பொறுத்து வேர்ச்சொல்லே மாறும். கை, கால், தட்டு, காய்கறிக்கு ஹூகஸ். துணிக்கு லபா. முகத்துக்கு ஹிலாமோஸ். குளிக்க லீகோ. வாய் கொப்பளிக்க மூமொக். சோப்பு போக அலசுவது பன்லாவ். தட்டைக் கழுவி, துணியைத் துவைக்கும் நமக்கு இது எளிதாகவே வரவேண்டும். ஆங்கிலம் வழியாக யோசிப்பதால்தான் சட்டைக்கும் ஹூகஸ் போட்டுவிடுகிறோம்.

கேள்வி: ‘மக்ஹூகஸ்’, ‘ஹுகாசன்’ இரண்டும் காதில் விழுகின்றன. எதை எப்போது சொல்வது?

பதில்: பலரும் சறுக்கும் இடம் இதுதான். ‘மக்’ என்ற முன்னொட்டு செய்கிறவரை முன்னிறுத்தும். ‘அன்’ என்ற விகுதி கழுவப்படும் பொருளை. ‘மக்ஹூகஸ் க நங் பிங்கான்’ என்றால் தட்டு கழுவு என்று பொதுவாகச் சொல்வது. ‘ஹுகாசன் மோ அங் பிங்கான்’ என்றால் குறிப்பிட்ட அந்தத் தட்டைக் கழுவு. வினை மாறும்போது ‘நீ’ எனப் பொருள்படும் ‘க’ என்பது ‘மோ’ ஆகும், பொருளின் பெயருக்கு முன் வரும் ‘நங்’ என்பது ‘அங்’ ஆகும். ஒன்றை மாற்றி மற்றதை விட்டால் வாக்கியம் நிற்காது. பெரியவர்களிடம் ‘க’ வேண்டாம், மரியாதைச் சொல்லான ‘போ’வும் ‘நீங்கள்’ என்ற ‘கயோ’வும் போடுங்கள்: ‘மக்ஹூகஸ் போ கயோ நங் கமாய்’, கை கழுவுங்கள்.

லபாவோடு விகுதி சேரும்போது நடு உயிர் விழுந்து ‘லப்ஹன்’ ஆகும். இதை அப்படியே மனப்பாடம் செய்யுங்கள்.

கேள்வி: காலம் காட்டுவது எப்படி?

பதில்: கழுவியாயிற்று என்றால் நக்ஹூகஸ். கழுவிக்கொண்டிருந்தால் நக்ஹுஹூகஸ். இனிமேல்தான் என்றால் மக்ஹுஹூகஸ். முதல் அசை இரட்டித்தால் வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள்.

கேள்வி: குழந்தையைக் குளிப்பாட்டுவதற்கு?

பதில்: தானே குளித்தால் மலீகோ; பிறரைக் குளிப்பாட்டினால் பலிகுவன்.

கேள்வி: சினிகாங் என்ற பிலிப்பைன்ஸ் புளிப்பு ரசத்தின் செய்முறையில் வரும் ‘ஹூகஸ் பிகாஸ்’ என்ன?

பதில்: அரிசி களைந்த தண்ணீர், நம் கழுநீரேதான். முதல் களைசலில் தூசி இருக்கும், கொட்டிவிடுங்கள். இரண்டாவதை எடுத்து ஊற்றினால் அந்தப் புளிப்பு ரசம் லேசாகக் கெட்டிப்படும்.

கேள்வி: செய்திகளில் ‘ஹூகஸ் கமாய்’ என்கிறார்களே?

பதில்: தனக்குச் சம்பந்தமில்லை என்று பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. தமிழில் ஒருவரைக் கைகழுவினால் கைவிட்டதாகப் பொருள், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: பிலிப்பைன்ஸ் நகரமான டாவோவில் மருத்துவம் படிக்கப் போகிறேன். அங்கே இவை செல்லுமா?

பதில்: புரிந்துகொள்வார்கள். ஆனால் அங்கே தெருவில் பேசுவது பெரும்பாலும் செபுவானோ என்ற வேறொரு பிலிப்பைன்ஸ் மொழி. ஹூகஸ், லபா, லீகோ மூன்றும் அதிலும் உண்டு, ஒட்டுகள்தான் வேறு. வேர்ச்சொற்களை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்.