அச்சிறுபாக்கமும் கீழவீதி முனையும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர்ச் சிவன் கோயில் தேர் அலங்காரத்தோடு சேர்த்து முப்பதடி. நான்கு சக்கரம், இரண்டு வடம். மரச் சக்கரத்தை எடுத்துவிட்டு இரும்புச் சக்கரம் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. வீதிக்கும் போன வருடம்தான் சிமென்ட் போட்டார்கள். இந்த முறை கீழவீதியிலிருந்து தெற்கு வீதிக்குத் திரும்பும் முனையில் தேர் நின்றுவிட்டது. மூன்று மணி நேரம் இழுத்தும் நகரவில்லை. கடைசியில் இடப்பக்க வடம் அறுந்து பத்துப் பேர் மல்லாக்க விழுந்தார்கள். மறுநாள் பொக்லைன் வைத்துத் தள்ளித்தான் நிலைக்குக் கொண்டுவந்தோம். பிள்ளையாருக்குச் செய்ய வேண்டியதில் குறை வைத்துவிட்டோம், அச்சிறுபாக்கத்தில் சிவபெருமான் தேருக்கே இதுதான் நடந்தது என்கிறார்கள் பெரியவர்கள். பரிகாரத்துக்கு வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய் வசூல் நடக்கிறது. அந்தக் கதை என்ன சொல்கிறது? தேர் ஏன் நின்றது?

(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

கதையிலிருந்தே தொடங்குகிறேன். முப்புரம் எரிக்கச் சிவன் புறப்பட்டபோது தேவர்கள் ஒரு தேர் செய்தார்கள். பூமி தேர்த்தட்டு, சூரியனும் சந்திரனும் சக்கரங்கள், நான்கு வேதங்கள் குதிரைகள், பிரமன் சாரதி. மேரு வில், வாசுகி நாண், திருமால் அம்பு. இத்தனையும் சேர்த்தவர்கள் பிள்ளையாரை மட்டும் மறந்தார்கள். தேர் கிளம்பியது, அச்சு முறிந்தது. அப்படி அச்சு இற்ற இடம்தான் செங்கல்பட்டு மாவட்டத்து அச்சிறுபாக்கம் என்பது தலபுராணம். இறுதல் என்றால் முறிதல். சம்பந்தர் பாடிய தலம், சுவாமி ஆட்சீஸ்வரர். அருணகிரிநாதரும் 'முப்புரம் எரிசெய்த அச்சிவன் உறைரதம் அச்சது பொடிசெய்த அதிதீரா' என்று பிள்ளையாரையே பாடியிருக்கிறார். ஆக, உங்கள் ஊர்ப் பெரியவர்கள் கதையை இட்டுக்கட்டவில்லை. அதே ஊருக்கு இன்னொரு கதையும் வழங்குகிறது, பாண்டியன் ஒருவன் கங்கைக்கரை மண் ஏற்றிவந்த வண்டியின் அச்சு அங்கே முறிந்ததாக. இரண்டிலும் முறிவது அச்சு.

உங்கள் தேரில் அச்சு முறியவில்லையே! பொக்லைன் தள்ளியதும் உருண்டு நிலைக்கு வந்திருக்கிறது. உங்களுக்கு நடந்தது வேறு. நீங்கள் எழுதியவற்றில் 'முனையில்', 'இடப்பக்க வடம்', 'சிமென்ட்' என்ற மூன்று சொற்களே எனக்குப் போதுமானவையாக இருக்கின்றன.

கோயில் தேருக்குத் திசை திருப்பும் ஏற்பாடு எதுவும் கிடையாது. மாட்டு வண்டிக்கு ஒரே அச்சு, மாடு திரும்பினால் வண்டி திரும்பும். தேருக்கு முன்னச்சு, பின்னச்சு இரண்டும் சட்டத்தில் அசையாமல் பொருத்தப்பட்டவை. நேராக மட்டுமே போகத் தெரிந்த வாகனம் அது. அதைத் திருப்புவது முட்டுக்கட்டை. புளி போல வைரம் பாய்ந்த மரத்தில் ஆப்பு வடிவில் செதுக்கிய கட்டை. வலப்பக்கம் திருப்ப வேண்டுமானால் வலது முன்சக்கரத்தின் அடியில் கட்டையைக் கொடுப்பார்கள். அந்தச் சக்கரம் தயங்கும், இடது சக்கரம் ஓடும், தேர் வலப்பக்கம் முகம் திருப்பும். கட்டையைச் சற்றுச் சாய்த்துக் கொடுத்தால் சக்கரம் அதன் பக்கவாட்டில் உரசி விலகவும் செய்யும். நேர் வீதியில்கூட இந்த வேலை ஓயாது நடக்கும். தடை என்ற பொருளில் 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்று திட்டுகிறோம். அந்தக் கட்டை இல்லாவிட்டால் தேர் முதல் திண்ணையிலேயே ஏறிவிடும்.

திருவாரூரைப் பாருங்கள். அலங்காரத்தோடு 96 அடி, எடை சுமார் 300 டன். நெடுநாள் ஓடாமல் கிடந்து 1970-ல் மறுபடி ஓடத் தொடங்கிய தேர். திருச்சி பெல் நிறுவனம் செய்துகொடுத்த இரும்பு அச்சும் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் அதற்கு உண்டு, பின்னால் புல்டோசர் உந்துகிறது. அங்கேயும் திசை பார்ப்பது முட்டுக்கட்டைதான். வீதி முனைகளில் சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடு போட்டு கிரீஸ் தடவுகிறார்கள். இரண்டு அச்சும் இறுகிப்போன வாகனம் திரும்பும்போது சக்கரங்கள் உருண்டால் மட்டும் போதாது, பக்கவாட்டில் வழுக்கவும் வேண்டும். அந்த வழுக்கலுக்குத்தான் தகடும் கிரீஸும்.

இப்போது உங்கள் முனைக்கு வருவோம். தேர் கீழவீதியில் தெற்குப் பார்த்து வருகிறது. மேற்கே, அதாவது வலப்பக்கம், திரும்ப வேண்டும். முனையில் பெரும்பாலும் நடக்கும் தவறு இது: தேர் நாற்சந்தியின் நடுவுக்கு வருமுன்பே, முன்னால் போகும் வடக்காரர்கள் தெற்கு வீதிக்குள் நுழைந்து இழுக்க ஆரம்பித்துவிடுவார்கள். தேருக்கும் ஆட்களுக்கும் நடுவே வீட்டு மூலை இருப்பதால் யார் கண்ணிலும் எதுவும் படாது. இழுப்பு முன்னோக்கி விழாமல் குறுக்கே விழும். இடப்பக்க வளையத்திலிருந்து வரும் வடத்துக்குத் தூரம் அதிகம், அதனால் அது முதலில் விறைக்கும்; வலப்பக்க வடம் தொய்ந்து தரையில் கிடக்கும். இருநூறு பேர் இழுக்கிறார்கள் என்றால் பாரம் முழுக்க ஒரே கயிற்றின் மேல். நகரவில்லை என்று கூட்டம் ஒரே மூச்சில் சுண்டி இழுக்கும்போது வெளி வடம் அறும். உங்கள் ஊரில் அறுந்தது சரியாக அந்த வடம். நல்ல வடமும் இப்படி அறும். 2024-ல் நெல்லையப்பர் தேரோட்டத்தில் வடம் அறுந்து அறுந்து தேர் தாமதமானதை நாடே பார்த்தது.

அடுத்தது சிமென்ட். மண் வீதியில் முட்டுக்கட்டை தரையில் பதிந்து நிற்கும், சக்கரம் அதன் மேல் ஏறும். வழவழப்பான காங்கிரீட்டில் சக்கரம் கட்டையைத் தள்ளிக்கொண்டே போகும். கட்டை போடுபவர் எத்தனை தேர்ந்தவராக இருந்தாலும் கட்டை பிடிக்காது, தேர் திரும்பாமல் மூலை வீட்டை நோக்கிச் சாயும், பயந்துபோய் எல்லாச் சக்கரத்துக்கும் கட்டை கொடுப்பார்கள். பிறகு முன்னால் இருப்பவர்கள் இழுக்க, கீழே இருப்பவர்கள் கட்டையை எடுக்காமல் இருக்க, மூன்று மணி நேரம் போய்விடும். கட்டைக்கு அடியில் ஈரச் சாக்கு விரித்தாலோ ஒரு கை மணல் தூவினாலோ கட்டை நிற்கும். சக்கரத்தடியில் பூசணியும் தேங்காயும் உடைத்தால் உடனே கூட்டி அள்ளிவிட வேண்டும். அந்த வழுக்கலில்தான் கட்டைக்காரர் உட்கார்ந்து எழுகிறார், காலுக்கு ஒரு சாண் தள்ளிச் சக்கரம்.

அடுத்த ஆண்டுக்கு முன்பு செய்ய வேண்டியவை சில. வடத்தை வருடம் முழுக்கத் தேர்க்கொட்டகை மூலையில் ஈரத்தில் போட்டு வைக்காதீர்கள். திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே வெயிலில் விரித்து, நாலைந்து இடத்தில் முறுக்கைப் பிரித்து உள்நாரைப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் வெளியே எத்தனை முறுக்காகத் தெரிந்தாலும் அது கழிக்க வேண்டிய வடம். வளையத்தில் கட்டும் முதல் மூன்றடிதான் உரசித் தேயும், அதைத் தனியாகப் பாருங்கள். மலிவு என்று நைலான் வாங்க வேண்டாம். அது இழுபட்டு நீண்டு, அறும்போது சாட்டை போலத் திரும்பி அடிக்கும். இரும்புச் சக்கரம் போட்ட பிறகு முன்னச்சும் பின்னச்சும் இணையாக இருக்கின்றனவா என்று யாராவது பார்த்தார்களா? முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவுக்கு இரண்டு பக்கமும் நூல் பிடியுங்கள். இரண்டு அங்குலம் வித்தியாசம் இருந்தால் தேர் எப்போதும் ஒரே பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

சிமென்ட் போட்டதால் வீதி எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதையும் அளந்துவிடுங்கள். அரையடி உயர்ந்திருந்தால் உங்கள் கலசம் மின்கம்பிக்கு அரையடி பக்கத்தில் போயிருக்கிறது. 2022 ஏப்ரலில் தஞ்சை களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுத்து, தேர் நிலைக்கு வரும்வரை மின்சாரத்தை நிறுத்தச் செய்வதில் எந்தச் சமரசமும் வேண்டாம்.

பிள்ளையார் விஷயம். அவருக்குச் செய்யுங்கள், தாராளமாக. பெரிய தேருக்கு முன்னால் பிள்ளையார் தேர் போவது பழைய வழக்கம், திருவாரூரிலும் அப்படியே. அதில் எனக்கு ஒரு நடைமுறைக் காரணமும் தெரிகிறது: சின்னத் தேர் முன்னே போனால் தாழ்ந்த கிளை, நீட்டிய கூரை, குறுக்கே கட்டிய பேனர் எல்லாம் முதலிலேயே தெரிந்துவிடும். ஆனால் சாக்கடைப் பலகை தாங்குமா என்பதைச் சின்னத் தேர் காட்டாது, அதை மூடி திறந்துதான் பார்க்க வேண்டும். வசூலான பணத்தில் அச்சிறுபாக்கம் போய் ஒரு அர்ச்சனை செய்துவிட்டு, மீதியில் புது வடமும் எட்டு முட்டுக்கட்டையும் வாங்குங்கள்.

கீழவீதி முனையில் ஒரு ஆளை மட்டும் தனியாக நிறுத்துங்கள். தேரும் தெரிய வேண்டும், வடக்காரர்களும் தெரிய வேண்டும். மூலை வீட்டுத் திண்ணை சரியான இடம். கையில் சிவப்புத் துண்டு. பின்சக்கரம் சந்தியின் நடுக்கோட்டைத் தொடும்வரை அவர் துண்டை இறக்கக் கூடாது, துண்டு இறங்காமல் ஒருவரும் வடத்தைச் சுண்டக் கூடாது.