முகத்தை வரையாமல், பொருட்களை மட்டும் வைத்து ஸ்டில் லைஃபில் (அசையாப் பொருட்களை வரையும் ஓவியத்தில்) என்னை எப்படிக் காட்டுவது?

மண்டை ஓடு, மணற்கடிகாரம், அணைந்த மெழுகுவர்த்தி என்று போக வேண்டாம். அவை 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் நிலையாமைக்கு வைத்த பொது அடையாளங்கள். யார் வைத்தாலும் அதே அர்த்தம்தான் வரும். உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லாது. உங்கள் கை பட்டுத் தேய்ந்த பொருளை எடுங்கள்.

ஓவியர் வான்கோ 1888இல் பிரான்சின் ஆர்ல் நகரில் வரைந்த நாற்காலியைப் பாருங்கள். வைக்கோல் இருக்கை, அதன்மேல் அவருடைய பைப்பும் புகையிலையும். பின்னால் வெங்காயம் முளைவிட்ட ஒரு பெட்டி, அதில்தான் ‘வின்சென்ட்’ என்ற கையெழுத்து. கூடத் தங்கியிருந்த ஓவியர் கோகெனைக் குறிக்க வரைந்தது கை வைத்த நாற்காலி. எரியும் மெழுகுவர்த்தி, புத்தகங்கள், இரவு வெளிச்சம். உட்கார ஆளே இல்லை, ஆனாலும் இருவரும் வேறு வேறு ஆள் என்று தெரிகிறது. இரண்டிலும் ஒரே பெரிய பொருள், மற்றதெல்லாம் சின்னது. இதை அப்படியே பின்பற்றலாம்: மொத்தம் மூன்று முதல் ஐந்து பொருள், அதில் ஒன்று படத்தில் பாதியை அடைக்கட்டும். எல்லாம் ஒரே உயரத்தில் இருந்தால் கடை அலமாரி ஆகிவிடும். ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எடுத்தும் குறை தெரியாதது தேவையில்லாதது.

உங்கள் உருவமும் வர வேண்டும் என்றால் ஓவியர் கிளாரா பீட்டர்ஸ் வழி இருக்கிறது. நெதர்லாந்தின் ஹேக் நகர மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் உள்ள பாலாடைக்கட்டி ஓவியத்தில் (சுமார் 1615) ஜாடி மூடியில் அவர் முகம் சிறியதாகத் தெரியும். மேசை ஓரத்துக் கத்தியில் அவர் பெயர் இருக்கும். சீர்ப் பாத்திரத்தில் நாம் பேர் வெட்டுவோமே, அந்த மாதிரி கல்யாணக் கத்தி அது.

இதற்கு எவர்சில்வர் டம்ளர் ஒத்துவராது, அதில் நீங்கள் ஒல்லிக் கோடாகத்தான் தெரிவீர்கள். பளபளப்பான உருண்டைச் சொம்பு வேண்டும். ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு ஒரு பக்க ஜன்னல் வெளிச்சம் மட்டும் வையுங்கள். இரண்டு வெளிச்சம் இருந்தால் நிழல் இரட்டிக்கும். வெளிர்நிறச் சட்டை போடுங்கள், இல்லாவிட்டால் உருவம் அறையின் இருட்டோடு கலந்துவிடும். தலை அசைந்தால் பிம்பமும் நகரும், அதனால் நிற்கும் இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். போட்டோ எடுத்து வரைந்தால் பிம்பத்தின் கையில் தூரிகைக்குப் பதில் போன் இருக்கும்.

முதலில் சொம்பின் அடர்நிறங்கள், பிறகு உங்கள் உருவம், ஜன்னலின் வெள்ளைப் புள்ளி கடைசி. பெயர் எழுதுவதானால் எழுத்துகளையும் சொம்பின் வளைவோடு வளையுங்கள். நேராக எழுதினால் உலோகத்தில் பொறித்ததாகத் தெரியாது.