கையால் செய்த சிறு பொருட்களைச் சென்னையில் ஆங்காங்கே ஒளித்து வைத்து, கண்டெடுப்பவரே எடுத்துப்போகும்படி செய்வது எப்படி?

வண்ணம் தீட்டிய கற்கள், மண் பொம்மைகள், குரோஷே (கொக்கி ஊசியால் நூல் பின்னும் வேலை) பூக்கள் செய்வதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அவற்றைப் பூங்கா, பேருந்து நிறுத்தம் போன்ற இடங்களில் வைத்துவிட்டு வர வேண்டும், யார் கண்ணில் படுகிறதோ அவர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது உங்கள் ஆசை. எதால் செய்வது, எங்கே வைப்பது, சிக்கல் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகச் செய்யலாம். ஒளித்து வைப்பது சுலபம். எடுக்க வைப்பதுதான் கடினம். கீழே கிடக்கும் பொருளைத் தொட நம் ஊரில் எல்லோருக்கும் ஒரு தயக்கம் உண்டு. கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள் என்று ரயில் நிலையத்தில் ஒலிக்கும் அறிவிப்பு ஒரு பக்கம். முச்சந்தியில் கிடக்கும் எலுமிச்சம்பழத்தைத் தாண்டாதே என்று வீட்டில் கேட்டு வளர்ந்தது இன்னொரு பக்கம். போதாததற்கு, யாரோ தொலைத்த பொருளை நாம் எடுக்கலாமா என்ற நல்ல மனசும் குறுக்கே நிற்கும். பொருள், நிறம், கயிறு, இடம், நேரம் எதைத் தேர்ந்தாலும், பார்த்த மாத்திரத்தில் இந்தத் தயக்கம் போகுமா என்ற ஒரே கேள்வியை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

வெளிநாடுகளில் இது ஊரறிந்த வழக்கம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள லிங்கன் சிட்டியில், 2000-ஆம் ஆண்டை வரவேற்கத் தொடங்கிய திட்டம் இன்றும் நடக்கிறது. கைவினைஞர்கள் ஊதிச் செய்த கண்ணாடி உருண்டைகளைக் கடற்கரையில் வைக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் செய்தவரின் கையெழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். பகலில் மட்டுமே வைப்பார்கள், அதுவும் அலை எட்டும் கோட்டுக்கு மேலே, கரைச்சரிவுக்குக் கீழே. கண்டெடுத்தவர் எண்ணைப் பதிவு செய்தால் சான்றிதழ் உண்டு. இங்கிலாந்தில் 'மை டாக் சைஸ்' என்ற புனைபெயரில் இயங்கும் ஓவியர், வெள்ளிக்கிழமைதோறும் தெருவில் படைப்புகளை விட்டுச்செல்லும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். அது பல நாடுகளுக்குப் பரவியது. லிங்கன் சிட்டிக்குப் போகிறவருக்கு அந்த உருண்டை என்னவென்று முன்பே தெரிந்திருக்கும். சென்னையில் உங்கள் கல்லைப் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. அந்த ஊரில் விளம்பரம் செய்த வேலையை இங்கே ஒரு சிறு சீட்டு செய்தாக வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் தவிர்க்க வேண்டியவை. மனித உருவத் துணிப்பொம்மை வேண்டாம், செய்வினை என்றுதான் நினைப்பார்கள். சிவப்பு, கறுப்பு, மஞ்சள் கயிறு மூன்றும் வேண்டாம். முதல் இரண்டும் மந்திரித்த கயிறாகத் தெரியும், மூன்றாவது தாலிக்கயிறாகத் தெரியும். முச்சந்தி, சுடுகாட்டுப் பாதை, பாலத்தடி ஆகாது. சாமி படமோ மதச் சின்னமோ வரையாதீர்கள். கால் பட்டுவிட்டால் மனம் புண்படும், குப்பைக்குப் போனால் இன்னும் மோசம். கட்சிக் கொடிகளின் நிறச் சேர்க்கையும் வேண்டாம். அரசமரம், வேப்பமரத்தடியில் வண்ணக்கல்லை வைக்கவே வைக்காதீர்கள். யாராவது மஞ்சள் குங்குமம் இட்டு ஒரு பூவும் வைத்துவிட்டால், பிறகு அதை எவரும் வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டார்கள், நீங்களும் திரும்ப எடுக்க முடியாது.

மின்கம்பி, பேட்டரி, விளக்கு, மூடிய டப்பா, சுற்றிக் கட்டிய பொட்டலம் எதுவும் கூடாது. 2007 ஜனவரி 31 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் விளம்பரத்துக்காக வைத்த மின்விளக்குப் பலகைகளை வெடிகுண்டு என்று சந்தேகித்துப் பாலங்களையும் சாலைகளையும் மூடினார்கள். வைத்தவர்கள் இருவர் கைதானார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று திறக்காமலே தெரிய வேண்டும். திறந்து பார்க்க வேண்டிய பொருளாகவே இல்லாவிட்டால் இன்னும் நல்லது.

தொடங்குபவருக்குக் கல்தான் ஏற்றது. 6 முதல் 8 செ.மீ. நீளமும் 2 முதல் 3 செ.மீ. தடிமனும் உள்ள தட்டையான கூழாங்கல் உள்ளங்கைக்குள் அடங்கும். எடை 80 முதல் 200 கிராமுக்குள் இருக்கும். அதைவிடப் பெரியதை எடுத்தால் யாராவது எறிந்து பார்க்க வாய்ப்புண்டு. ஆற்றிலோ கடற்கரையிலோ அள்ளாதீர்கள், செடி நர்சரிகளில் அலங்காரக் கல்லாகக் கிலோ கணக்கில் கிடைக்கும். பாலிஷ் ஏற்றிய கல்லில் வண்ணம் பிடிக்காது, 220 எண் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பை நீக்க வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். இந்த இரண்டு நாளில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். கல்லின் நுண்துளைகளில் ஈரம் தங்கியிருந்தால், பூசிய பிறகு வெயில் பட்டதும் ஆவியாகி வண்ணத்தைக் கொப்புளமாகத் தூக்கிவிடும்.

வெள்ளை அக்ரிலிக் பிரைமர் (அடிப்பூச்சு) இரண்டு மெல்லிய பூச்சு, அதன் மேல் அக்ரிலிக் வண்ணம். ஒரு கல்லுக்கு ஒவ்வொன்றிலும் இரண்டு மி.லி. போதும். போஸ்டர் கலரும் வாட்டர் கலரும் முதல் மழையிலேயே கரைந்துவிடும். மே மாத வெயிலில் கறுப்பும் கருநீலமும் கையைச் சுடும் அளவுக்குச் சூடேறும் என்பதால் வெளிர் நிறங்களே நல்லது. எழுத்துக்கு அக்ரிலிக் பெயின்ட் பேனா வாங்குங்கள். சாதாரண பெர்மனென்ட் மார்க்கரில் எழுதி மேலே வார்னிஷைத் தூரிகையால் இழுத்தால், வார்னிஷின் கரைப்பான் மையைக் கரைத்து எழுத்தைப் பரப்பிவிடும். ஒரு முழுநாள் காய்ந்த பிறகு, நிறமற்ற ஸ்பிரே வார்னிஷை 25–30 செ.மீ. தூரத்திலிருந்து மூன்று மெல்லிய பூச்சாக, இடையே அரைமணி நேரம் விட்டு அடியுங்கள். திறந்த வெளியில் முகக்கவசத்தோடு செய்யுங்கள். ஒரே பூச்சாகத் தடிமனாக அடித்தால் மேல்தோல் காய்ந்து உள்ளே பிசுபிசுப்பு நிற்கும், வெயிலில் கையில் ஒட்டும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அடித்தால் பால் போல வெண்படலம் படரும். அதனால் முற்பகல் பதினொன்று முதல் மூன்று மணிக்குள், வறண்ட நாளில் செய்யுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஸ்பிரேயை ஒதுக்கிவிட்டு, நீர் சார்ந்த அக்ரிலிக் வார்னிஷை வீட்டுக்குள் தூரிகையால் பூசுவதே சரி.

மண்ணில் செய்வதென்றால் சுட்டாக வேண்டும். காற்றில் உலரும் களிமண்ணுக்கு எத்தனை வார்னிஷ் அடித்தாலும், ஒரு கீறல் போதும், நீர் உள்ளே போய் உருக்குலைந்துவிடும். கனம் எல்லா இடத்திலும் 6–8 மி.மீ. இருக்கட்டும். உள்ளே குழிவான உருவத்துக்கு ஒரு துளை விடுங்கள். நிழலில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் உலர்த்துங்கள், ஈரம் மிச்சமிருந்தால் சூளையில் நீராவி வெடித்துச் சிதறடிக்கும். சிதறும் துண்டு பக்கத்தில் இருக்கும் அடுத்தவர் பானையையும் உடைக்கும். கொசப்பேட்டைக் குயவர்களிடம் பேசிப் பாருங்கள், கொலுப் பொம்மையும் விநாயகரும் செய்யும் பரபரப்பு மாதங்களை விட்டுவிட்டுப் போவது மரியாதை. கிண்ணம், அகல் போன்ற குழிவான எதிலும் அடியில் துளை போடுங்கள். ஒரு வாரம் நீர் தேங்கினாலே டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு உருவாகிவிடும்.

குரோஷேவுக்குப் பருத்தி நூலும் 2.5 மி.மீ. ஊசியும் எடுங்கள். அக்ரிலிக் நூல் மட்காது, யாரும் எடுக்காவிட்டால் பிளாஸ்டிக் குப்பையாகவே கிடக்கும். கஞ்சி போட்டு விறைப்பாக்கினால் எறும்பும் பூஞ்சையும் வரும். கண்ணுக்குப் பொத்தான், மணி தைக்காமல் நூலாலேயே தையல் போடுங்கள். குழந்தைப் பொருட்களுக்கு அமெரிக்காவில் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள்: 31.7 மி.மீ. விட்டமுள்ள உருளைக்குள் முழுதாக நுழையும் எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடும். நீங்கள் வைக்கும் எந்தப் பொருளும் அதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது.

நம் ஊருக்கு மிகப் பொருத்தமானது எது என்று கேட்டால், பனையோலை என்பேன். ஓலைக் கிலுகிலுப்பையையும் மீனையும் பார்த்து யாரும் பயப்படுவதில்லை, பாட்டி வீட்டு ஞாபகம்தான் வரும். எடுக்காமல் விட்டாலும் மட்கிப்போகும். பச்சை ஓலையில் பின்னினால் காய்ந்ததும் சுருங்கிப் பின்னல் தளரும். நிழலில் உலர்த்திய குருத்தோலையை அரைமணி நேரம் நீரில் ஊறவைத்துப் பின்னுங்கள். மழைக்காலத்தில் மட்டும் வேண்டாம், பூஞ்சை பிடிக்கும்.

இனி அந்தச் சீட்டு. 5 × 7 செ.மீ. கெட்டி அட்டை, சணல் அல்லது வெள்ளை நூலில் கட்டியது. தமிழில் முதலில், ஆங்கிலத்தில் ஒரு வரி, படிக்கத் தெரியாதவருக்காக ஒரு கை பொருளை எடுப்பது போன்ற சிறு படம். வாசகம் இப்படி இருக்கலாம்: "இது யாரும் தொலைத்த பொருள் இல்லை. கையால் செய்து உங்களுக்காக வைத்தது. எடுத்துக்கொள்ளுங்கள். பணம் வேண்டாம், விளம்பரமும் இல்லை." "இலவசம்" என்ற சொல்லைத் தவிருங்கள், அதைக் கண்டாலே ஏதோ விற்க வருகிறார்கள் என்று தோன்றும். கியூஆர் குறியீடும் வேண்டாம், பண மோசடி பயம் இருக்கிறது. தொலைபேசி எண் போடாதீர்கள். பதில் வேண்டுமென்றால் இதற்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி போதும். லேசர் பிரிண்ட் மழையில் நிற்கும், இங்க்ஜெட்டும் ஜெல் பேனாவும் வழிந்தோடும். அட்டையின் இரு பக்கமும் மெழுகுவத்தியைத் தேய்த்தால் ஒரு தூறலைத் தாங்கும். பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள். பொருளின் அடியிலும் "உங்களுக்காக" என்று எழுதி எண் இடுங்கள், சீட்டு அறுந்தாலும் அது பேசும்.

இடம்: தரையிலிருந்து இடுப்பு உயரம். அதற்குக் கீழே நாய், மாடு, துடைப்பம், தேங்கும் நீர். தலைக்கு மேலே வைத்தால் கல் யார் மேலாவது விழும். பூங்கா பெஞ்சின் கைப்பிடி, படிக்கட்டுத் திண்டு, மரத்தின் தாழ்ந்த கவட்டை நல்லவை. மரத்தில் ஆணி அடிக்க வேண்டாம், பறவைக்கூடு இருந்தால் விலகிவிடுங்கள். மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்கா போல நடைப்பயிற்சிக்குத் தினமும் அதே ஆட்கள் வரும் இடங்கள் நல்ல தொடக்கம், புதிதாக ஒன்று இருந்தால் அவர்கள் கண்ணில் உடனே படும். காவலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லி, முதல் பொருளை அவர் கையிலேயே கொடுங்கள். டீக்கடை, பழைய புத்தகக் கடை என்றால் உரிமையாளரைக் கேட்டு வையுங்கள். சுவரில் எதையும் ஒட்டாதீர்கள், பொது இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்க 1959 முதலே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது.

ரயில், மெட்ரோ, விமான நிலையங்கள், தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், தூதரகங்கள், மருத்துவமனை, வழிபாட்டுத் தலங்கள் பக்கம் போகவே வேண்டாம். ஜனவரி 26, ஆகஸ்ட் 15, டிசம்பர் 6 நாட்களுக்கு முந்தைய வாரம் எங்குமே வைக்காதீர்கள், சோதனை கடுமையாக இருக்கும். பள்ளி வாசலும் கூடாது. தெரியாதவர் வைத்ததை எடுக்காதே என்று பிள்ளைக்குப் பெற்றோர் சொல்லிக்கொடுத்ததை நாம் குலைக்கக் கூடாது. பெசன்ட் நகர் முதல் நீலாங்கரை வரையிலான மணலில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும். அங்கே எதையும் புதைக்கவோ, ஒளித்ததைத் தேடி மணலைக் கிளற வைக்கவோ வேண்டாம்.

நேரம் மிக முக்கியம். தூய்மைப் பணியாளர்கள் காலையில் பெருக்கி முடிப்பதற்கு முன் வைத்தால் நேராகக் குப்பை வண்டிக்குப் போகும், அது அவர்கள் தவறில்லை. மாலை நான்கு மணிக்கு, கூட்டம் வரத் தொடங்கும்போது, வெளிச்சத்தில், எல்லோரும் பார்க்க நிதானமாக வையுங்கள். இரவில் பதுங்கிப் பதுங்கி வைப்பவரைத்தான் போலீஸ் நிறுத்தும். யாராவது என்ன வைக்கிறீர்கள் என்று கேட்டால், அதை எடுத்து அவரிடமே நீட்டிவிடுங்கள், அவர்தான் கண்டெடுத்தவர்.

முதல் தடவை ஒரே பேட்டையில் ஐந்து பொருள் போதும். எண், இடம், தேதி மூன்றையும் நோட்டில் குறித்து, சுற்றுப்புறம் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்தவர்களில் பெரும்பாலோர் பதில் எழுதமாட்டார்கள், பொருள் போய்விட்டது என்பதே பதில். மூன்றாம் நாள் போய்ப் பாருங்கள். சீட்டு மட்டும் கசங்கிப் பொருள் அப்படியே இருந்தால், படித்தும் தயங்கியிருக்கிறார்கள், வாசகத்தை மாற்றுங்கள். சீட்டும் கசங்காமல் இருந்தால் யார் கண்ணிலும் படவில்லை, இடத்தை மாற்றுங்கள். எப்படியானாலும் நான்காம் நாளுக்கு மேல் அங்கே விடாமல் கையோடு எடுத்து வந்துவிடுங்கள்.