நான் இன்னும் புரோகிராமர்தானா?

கேள்வி: 12 ஆண்டுகளாக நிரல் எழுதிப் பிழைப்பவன் நான். சில மாதங்களாக என் வேலை, செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தருவதைப் படித்துத் தலையாட்டுவதாகச் சுருங்கிவிட்டது. இனியும் என்னைப் புரோகிராமர் என்று சொல்லிக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம், வெறுமனே தலையாட்டாதவரை.

1957-இல் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியை வெளியிட்டபோது, கைப்பட எழுதும் அளவுக்குச் சிக்கனமான இயந்திரக் கட்டளைகளை ஒரு மென்பொருள் உருவாக்கிவிடுமா என்று அனுபவசாலிகள் பலர் சந்தேகப்பட்டார்கள். உருவாக்கியது, புரோகிராமர்களின் தேவையும் பெருகத்தான் செய்தது. இதைச் சொல்லித் தேற்றி அனுப்புவது எளிது. ஆனால் அந்த ஒப்பீடு பாதித் தூரம்தான் வரும். நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் அந்த மென்பொருள், அதாவது கம்பைலர், நீங்கள் எழுதியதன் பொருளை மாற்றாது. இன்றைய கருவியோ நீங்கள் சொல்லாமல் விட்டதையும், பெரும்பாலும் உங்களிடம் கேளாமலே, ஊகித்து நிரப்பிவிடுகிறது.

'ஆர்டரை ரத்து செய்தால் பணத்தைத் திருப்பிக் கொடு' என்று கேட்டுப் பாருங்கள். நொடிகளில் அந்த வேலையைச் செய்யும் நேர்த்தியான ஃபங்ஷன், அதாவது நிரல் பகுதி, வரும். சோதனைகளிலும் அது தேறும், அவற்றை எழுதியதும் அதே கருவியாக இருந்தால் அதில் வியப்பென்ன? வாடிக்கையாளர் பொத்தானை இருமுறை அழுத்தினால் என்ன ஆகும்? பணம் போன பிறகு, போனது என்ற பதில் வந்து சேருமுன் இணைப்பு அறுந்து, நிரல் மறுபடி முயன்றால்? ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் தந்து, அந்த எண்ணுக்கு ஏற்கெனவே பணம் போயிருக்கிறதா என்று பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். சொன்னால் கருவி அதையும் எழுதித் தரும். சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதே, அதற்குத்தான் 12 ஆண்டுகள் பிடித்தன. தள்ளுபடிக் கூப்பனில் வாங்கிய பொருளுக்கு எவ்வளவு திருப்புவது என்பதையோ கருவியும் நீங்களும் முடிவுசெய்ய முடியாது. வணிகப் பிரிவினரிடம் போய்க் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

டென்மார்க்கின் கணினி அறிஞர் பீட்டர் நோர் 1985-இலேயே, நிரலாக்கத்தின் சாரம் வரிகளை உண்டாக்குவதில் இல்லை, ஒரு நிரல் ஏன் அப்படி அமைந்தது என்று விளக்கவும் பொருத்தமாக மாற்றவும் வல்ல புரிதலைத் தமக்குள் கட்டியெழுப்புவதில் இருக்கிறது என்று வாதிட்டார். வரிகளை இன்று கருவி தரலாம். நள்ளிரவில் சர்வர் விழுந்தால் எழுப்பப்படப் போகிறவர் நீங்கள், அப்போது கைகொடுப்பது அந்தப் புரிதல்.

எனவே, கருவியைத் திறக்குமுன், பொத்தானை இருமுறை அழுத்துவது போன்ற விதிவிலக்கான சூழல்களை நீங்களே எழுதி வையுங்கள். முக்கியமான சோதனைகளையாவது உங்கள் கையால் எழுதுங்கள். சக ஊழியருக்கு விளக்க முடியாத எந்த வரியையும் ஏற்காதீர்கள். இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். அந்த நேரத்தையும் வேலைக் கணக்கில் சேர்க்கும்படி உங்கள் மேலாளரிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள்.