45 நிமிடம் என்று சொன்னது யார்?

கேள்வி: நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவைக் கண் ஆபரேஷனுக்காகச் சென்னைக்குக் கூட்டிப்போக, இரத்மலானையிலிருந்து பலாலிக்கு எனக்கு ஒரு டிக்கட்டும், பலாலியிலிருந்து சென்னைக்கு இருவருக்கும் வேறு டிக்கட்டும் எடுத்தேன். "45 நிமிஷத்தில் பலாலி, பயப்படாதீங்க" என்று டிராவல் ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். விமானம் சரியாக 9.00க்குப் புறப்பட்டு 10.10க்கு இறங்கியது. சென்னைக் கவுன்டரை 10.00க்கே மூடிவிட்டார்கள். இரண்டு டிக்கட்டும் வீண். விமானக் கம்பனி மீது வழக்குப் போடலாமா?

பதில்: அம்மா தனியே ஏற மறுத்து, பையோடு வாசலிலேயே காத்திருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் விமானக் கம்பனியை விட்டுவிடுங்கள். நீங்கள் அனுப்பிய டிக்கட்டில் வந்து சேரும் நேரம் 10.10 என்றே இருக்கிறது. சொன்ன நேரத்துக்குக் கொண்டுவந்து இறக்கியவர்களிடம் தாமதத்துக்கு நட்டஈடு கேட்க முடியாது. சர்வதேசப் பயணத் தாமதத்துக்குப் பொறுப்புச் சொல்லும் 1999 மொன்றியல் உடன்படிக்கையும் இங்கே உதவாது. இரண்டு பயணத்தையும் ஒரே பயணமாகப் பதிந்திருந்தாலும் நிலைமை இதுதான், ஏனென்றால் தாமதமே நடக்கவில்லை.

தவறு அந்த 45இல் இருக்கிறது. இரத்மலானைக்கும் பலாலிக்கும் நேர்கோட்டில் சுமார் 330 கிலோமீட்டர். இந்த மாதிரிக் குறுகிய பயணங்களில் ஓடும் செஸ்னா கரவன் போன்ற சிறிய விமானத்தின் வேகம் மணிக்கு 340 கிலோமீட்டர் அளவுதான். வானத்தில் மட்டுமே ஒரு மணித்தியாலம் போய்விடும், ஓடுபாதையில் ஊர்ந்து போவதும் நிற்பதும் தனி. ஏஜென்ட் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், தூரத்தைப் போட்டால் நேரம் சொல்லும் ஒரு இணையக் கணிப்பானுடையது. அவை பெரும்பாலும் 800 கிலோமீட்டர் வேக ஜெட்டை வைத்துக் கணக்குப் போடுபவை. ஏறி இறங்க இருபது நிமிடம் கூட்டினால், 45 வந்துவிடும். பயணச் சீட்டு விற்பதையே தொழிலாகச் செய்பவர் விமானக் கம்பனியின் நேர அட்டவணையைப் பார்க்காமல் இதை அனுப்பியது கவனயீனம்.

அவருடைய சட்டத்தரணி என்ன சொல்வார் தெரியுமா? "10.10 என்று டிக்கட்டிலேயே இருந்ததே, வாசிக்கவில்லையா?" இதுதான் உங்கள் பலவீனம். ஆனால் வாட்ஸ்அப் செய்தி செவ்வாய்க்கிழமை, பணம் கட்டியது வியாழன், டிக்கட் கைக்கு வந்தது அன்று இரவு. அதாவது, அவருடைய பேச்சை நம்பித்தான் பணம் கட்டினீர்கள். இந்த வரிசையை நிரூபித்தால் அந்தக் கேள்வியின் பலம் பெருமளவு குறையும். ஆகவே உரையாடலைத் திகதி தெரியும்படி முழுதாக எடுத்து வையுங்கள், வங்கி ரசீதையும் சேருங்கள். போன் மாற்றுவதாக இருந்தால் இது முடியும்வரை வேண்டாம்.

முதலில் ஏஜென்டுக்குப் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள், 14 நாள் தவணை போதும். கூடவே நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் எழுத்தில் முறையிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வியாபாரத்தில் தவறான எண்ணம் தரும் நடத்தையைத் தடுக்கிறது. அங்கே முறையிடக் காலம் குறுகியது, அதனால் இந்த வாரமே கொடுங்கள். நீதிமன்றம் போக அவகாசம் அதிகம்: எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம், வாய்ப்பேச்சுக்கு 3. தொகை சிறியதென்றால் அதற்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டிவரும்.

வீணான இரண்டு சென்னை டிக்கட், திரும்ப எடுத்ததில் கூடிய பணம், ஆஸ்பத்திரி முற்பணம் போயிருந்தால் அது, இவற்றைக் கேளுங்கள். மன உளைச்சலுக்கு ஒப்பந்த வழக்கில் பொதுவாகப் பணம் கிடைக்காது. அதைக் கடிதத்தில் பெரிதாக்க வேண்டாம், ரசீது உள்ள கணக்கு மட்டும் இருக்கட்டும்.