இன்னும் சின்னப் பிள்ளைதானே?

வணக்கம்.

என் மகளுக்கு 12 வயது. ஹெச்பிவி தடுப்பூசி போடச் சம்மதமா என்று கேட்டு பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. இரண்டு வாரமாகக் கையெழுத்தில்லாமல் மேசையிலேயே கிடக்கிறது. “உடலுறவால் பரவும் கிருமிக்கு இந்த வயதில் ஊசி எதற்கு? இன்னும் சின்னப் பிள்ளைதானே, வளர்ந்த பிறகு அவளே முடிவு செய்யட்டும்” என்கிறார் கணவர். இதைப் போட்டால் பின்னாளில் குழந்தை பிறக்காது என்று ஒரு காணொளியும் பார்த்தேன். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது எல்லா ஊசியையும் நாள் தவறாமல் போட்டவள் நான். இதற்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

கையெழுத்துப் போடுங்கள். நான் மருத்துவர் இல்லை. ஆனால் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ஒரு நெருங்கிய தோழியைப் பறிகொடுத்தவள். நாங்கள் பள்ளியில் படித்த காலத்தில் அந்தப் புற்றுநோயைத் தடுக்கும் இந்தத் தடுப்பூசியே கிடையாது. 2006-ல்தான் வந்தது. உங்கள் மேசையில் கிடக்கும் தாளைப் பற்றிப் படித்ததும் அவள் முகம்தான் நினைவுக்கு வந்தது.

உங்கள் கணவரின் கேள்வி எந்த அப்பாவுக்கும் வரக்கூடியதுதான். அவள் சின்னப் பிள்ளை என்பதே இப்போது போடுவதற்கான காரணம் என்று அவரிடம் சொல்லுங்கள். ஹெச்பிவி மிகச் சாதாரணமான வைரஸ். மணவாழ்க்கைக்குள் வந்த பெரும்பாலானோருக்கு எப்போதாவது ஒருமுறை தொற்றிவிடும். ஒழுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரே ஒருவருடன் வாழ்ந்தவர்களுக்கும் வரும். பலருக்கு ஓரிரு வருடத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் தங்கிவிடுகிறது. அப்படித் தங்கியது புற்றுநோயாக மாற 15, 20 வருடங்கள் ஆகலாம். உள்ளே வந்துவிட்ட வைரஸை இந்தத் தடுப்பூசியால் வெளியேற்ற முடியாது, வராமல் தடுக்கத்தான் முடியும். அதனால்தான் 9 முதல் 14 வயது என்கிறது உலக சுகாதார அமைப்பு. அந்த வயதில் உடம்பு உருவாக்கும் எதிர்ப்புச் சக்தியும் அதிகம்.

காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்வீடனில் விடை இருக்கிறது. அங்கே சுமார் 16.7 லட்சம் பெண்களின் பதிவுகளைப் பார்த்து 2020-ல் ஓர் ஆய்வு வெளியானது. 17 வயதுக்கு முன் ஊசி போட்டுக்கொண்டவர்களிடம், போடாதவர்களைவிட கருப்பைவாய்ப் புற்றுநோய் 88 சதவீதம் குறைவு. 17-லிருந்து 30 வயதுக்குள் போட்டவர்களிடம் 53 சதவீதம்தான் குறைவு. ஊசி அதேதான், வயதுதான் வேறு. ‘வளர்ந்த பிறகு அவளே முடிவு செய்யட்டும்’ என்று விட்டால், அவள் முடிவு செய்யும்போது கையில் மிஞ்சுவது பாதிப் பாதுகாப்பாக இருக்கலாம்.

ஊசி போட்டால் பிள்ளைகள் தடம் மாறிவிடுவார்களோ என்ற பயம் பல வீடுகளில் உண்டு, வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அதையும் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை.

அப்புறம் அந்தக் காணொளி. இந்த ஊசியில் இருப்பது வைரஸின் மேலோட்டைப் போலச் செய்த வெறும் புரதம். உள்ளே மரபணு கிடையாது, அதனால் தொற்றை உண்டாக்காது. இதனால் குழந்தைப்பேறு பாதிக்கப்படுகிறது என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. மாறாக, அந்தப் புற்றுநோய்க்கான சிகிச்சைதான் பல பெண்களிடமிருந்து கருப்பையையே பறித்துவிடுகிறது. என் தோழிக்கு அதுதான் நடந்தது.

பயம் ஒரு நாட்டையே நிறுத்தியதும் உண்டு. ஜப்பானில் பக்கவிளைவுகள் பற்றிய செய்திகள் பரவி, 2013 ஜூனில் அரசு இந்த ஊசியைப் பரிந்துரைப்பதை நிறுத்தியது. 70 சதவீதம் அளவில் இருந்த பயன்பாடு ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது. நகோயா நகரில் சுமார் 30,000 இளம்பெண்களிடம் 24 அறிகுறிகளைப் பற்றிக் கேட்டுப் பார்த்தார்கள். ஊசிக்கும் அவற்றுக்கும் தொடர்பு எதுவும் காணப்படவில்லை. அரசு மறுபடி பரிந்துரைக்க 2022 ஏப்ரல் ஆகிவிட்டது. நடுவில் பயத்தோடு காத்திருந்த அம்மாக்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒன்பது வருடங்களில் வளர்ந்துவிட்ட பெண்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

ஊசி போட்ட கை வலிக்கும், லேசாகக் காய்ச்சல் வரலாம். இந்த வயதுப் பிள்ளைகள் சிலர் ஊசி போட்டதும் மயங்கிவிடுவார்கள். கால் மணி நேரம் உட்கார வைத்திருந்தால் போதும். முன்பு ஏதாவது ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் மட்டும் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். குழந்தையில் போட்ட ரணஜன்னி, தொண்டை அடைப்பான் ஊசிகளின் பலம் இந்த வயதுக்குள் குறைந்திருக்கும். அதற்கான ஊக்க ஊசியையும் அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள். மகன் இருந்தால் அவனுக்கும் ஹெச்பிவி பற்றிக் கேளுங்கள், ஆண்களுக்குத் தொண்டைப் புற்றுநோய் வருவதிலும் இந்த வைரஸுக்குப் பங்கு உண்டு.

மகளிடம் மறைக்காதீர்கள். “பெரியவளானதும் ஒரு புற்றுநோய் வராமல் இருக்க இந்த ஊசி” என்றால் 12 வயதுப் பெண்ணுக்குப் புரியும். மேலே கேட்டால் கேட்ட அளவுக்குச் சொல்லுங்கள்.

ஒன்றே ஒன்று உங்களுக்காக. 30 வயதைத் தாண்டிய பெண்களுக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனை அவசியம். என் தோழி ஒருமுறைகூடச் செய்துகொள்ளவில்லை. மகளை அழைத்துக்கொண்டு போகும் அன்றே உங்களுக்கும் ஒரு நாள் குறித்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்