12-ஆம் பக்கத்தில் நின்றுபோன நாவல்

மேலூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: “எங்கள் ஊர்க் கண்மாயை வைத்து நாவல் எழுதத் தொடங்கினேன். 4 மாதமாக 12-ஆம் பக்கத்தைத் தாண்டவில்லை. தினமும் ராத்திரி உட்கார்ந்தால் முதல் பத்தியைத் திருத்துவதிலேயே நேரம் போய்விடுகிறது. எனக்கு எழுத்து வற்றிவிட்டதா?”

வற்றவில்லை. எழுதுவதையும் திருத்துவதையும் ஒரே நேரத்தில் செய்கிறீர்கள், அதுதான் சிக்கல். அமெரிக்க ஆய்வாளர் மைக் ரோஸ், எழுத முடியாமல் தவித்த மாணவர்களையும் சரளமாக எழுதியவர்களையும் ஒப்பிட்டு 1980-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தவித்தவர்களுக்குத் திறமை குறைவாக இல்லை. ‘தொடக்கமே வாசகரை இழுக்க வேண்டும்’ என்பது போன்ற யோசனைகளை மீறவே கூடாத சட்டமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் முதல் பத்தியும் அப்படித்தான் உங்களைக் கட்டிப்போட்டிருக்கிறது. அந்த 12 பக்கத்தையும் ஓர் உறையில் போட்டு ஒட்டி வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். 40 பக்கம் சேரும்வரை திரும்பக் கேட்கக் கூடாது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதோடு இன்னொரு முடிச்சும் உண்டு. மனசுக்குள் “தண்ணி அங்கிட்டு மறுகால் போயிருச்சு” என்று ஓடும். கை “நீர் அப்பால் வழிந்தோடியது” என்று எழுதப் பார்க்கும். ஒவ்வொரு வரியையும் இப்படி மாற்றி மாற்றியே ஆள் களைத்துப்போகிறார். பலர் சொல்லும் ‘எழுத்து வரவில்லை’ என்பது பாதிக்கு மேல் இந்தக் களைப்புதான் என்பது எங்கள் எண்ணம். ஆகவே எழுதாதீர்கள், முதலில் சொல்லுங்கள். செல்போனின் ஒலிப்பதிவை வைத்துக்கொண்டு, அப்பத்தாவிடம் சொல்வதுபோல ஒரே ஒரு காட்சியை 5 நிமிடம் சொல்லுங்கள். பிறகு கேட்டுக் கேட்டு அப்படியே தாளில் இறக்குங்கள். குரலை எழுத்தாக்கும் வசதி வேண்டாம். வட்டார வழக்கை அது வேறு சொல்லாக மாற்றிவிடும், அந்தப் பிழைகளைப் பார்த்ததும் மறுபடி திருத்த உட்கார்ந்துவிடுவீர்கள். கதைசொல்லும் நடை பேச்சா, எழுத்தா என்பதை நாவல் முழுவதற்கும் சேர்த்துக் கடைசியில் முடிவு செய்யலாம்.

பதிவு, எழுத்து எல்லாம் சேர்த்து நாளைக்கு 20 நிமிடம் போதும், அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் உற்சாகத்தில் 3 மணி நேரம் எழுதுகிறவர் அடுத்த 4 நாள் நோட்டைத் தொடுவதில்லை. தொடங்கும்போது நேற்றைய கடைசி 3 வரியை மட்டும் படியுங்கள். அடித்தல் கூடாது. பெயரோ விவரமோ தெரியாத இடத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டு நகருங்கள். அலாரம் அடித்ததும், அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே, பாதி வாக்கியத்தில் நிறுத்துங்கள். மறுநாள் அந்தப் பாதி வாக்கியமே உங்களை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஒரு பக்கத்தில் எட்டுப் பத்து வட்டம் விழுந்தால் குறை எழுத்தில் இல்லை, சரக்கில். கண்மாய்க் கரைக்குப் போய், தண்ணீர் பாய்ச்சுகிறவரிடம் எந்த மடையை முதலில் திறப்பார்கள், கடைமடை வயலுக்குத் தண்ணீர் போய்ச்சேர எத்தனை நாள் ஆகும், எந்த இடத்தில் சண்டை வரும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்துக்குத் தண்ணீர் தரும் பெரியாறு அணை 1895-இல்தான் வந்தது. கதை அதற்கு முந்தையதென்றால் அணைத் தண்ணீரைக் கொண்டுவரக் கூடாது.

தூக்கம், பசி கெட்டு, எழுத்து மட்டுமின்றி எதிலுமே பிடிப்பில்லாமல் 2 வாரத்துக்கு மேல் போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு இந்தப் பயிற்சிகள் மருந்தாகாது. மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற இலவச எண்ணிலும் பேசலாம்.

முதல் ஒலிப்பதிவுக்கு 13-ஆம் பக்கத்தில் வர வேண்டிய காட்சியை எடுக்காதீர்கள். கண்மாய் நிரம்பி, மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கில் முதல் தண்ணீர் விழுந்த நாளை எடுங்கள்: யார் முதலில் ஓடிவந்து சொன்னார்கள், ஊரில் யார் வரவில்லை. அதை எந்த இடத்தில் சேர்ப்பது என்பதை உறையைப் பிரிக்கும் நாளில் பார்த்துக்கொள்ளலாம்.